நிறத்தை நம்பாதீர்கள், துளையை எண்ணுங்கள்

போன மாதம் பாலக்கோட்டு மாணவி ஒருவர் கடல் முள்ளெலி (சீ அர்ச்சின், உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டையான கடல் உயிர்) ஓடு ஒன்றின் படத்தை அனுப்பி, இது என்ன உயிர் என்று கேட்டிருந்தார். ஓட்டுக்குள் செல்போன் டார்ச்சை வைத்து, வெளிச்சம் வரும் துளைகளை எண்ணி எழுதுங்கள், அப்புறம் பெயர் சொல்கிறேன் என்று அவருக்குப் பதில் எழுதியிருந்தேன். அவர் எண்ணிவிட்டார். அதோடு முடியவில்லை, தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முள்ளெலியைப் பற்றித்தான். கடல் பார்க்கவே அரை நாள் பஸ்ஸில் போகவேண்டிய ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க முள்ளெலிக்கே.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: நீங்கள் சொன்னபடி இருட்டில் வைத்துப் பார்த்தேன். ஓடு முழுக்க நட்சத்திரம் மாதிரி புள்ளிகள். ஐந்து பட்டைகளாக வருகின்றன. ஒவ்வொரு பட்டையிலும் துளைகள் ஜோடி ஜோடியாக, பிறை மாதிரி வளைந்து நிற்கின்றன. ஒரு பிறையில் 5 ஜோடி, சிலதில் 6. ஓட்டின் குறுக்களவு 54 மில்லிமீட்டர், உயரம் 28. நார்வேயில் ட்ரோம்சோவில் வேலை பார்க்கும் என் மாமா, கடல் வடிந்த நேரத்தில் பாறை இடுக்கில் எடுத்தது. இப்போது பெயர் சொல்வீர்களா?

சொல்கிறேன் அம்மா. நீங்கள் எண்ணிய அந்த 5, 6 ஜோடிதான் விடையில் முக்கால் பங்கு.

மாமா எடுத்த கடற்கரையில் இரண்டு முள்ளெலிகள் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று எக்கினஸ் எஸ்குலென்டஸ், பெரியது, கொஞ்சம் ரோஸ் நிறம். இன்னொன்று ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் ட்ரோபாக்கியென்சிஸ், பச்சை முள்ளெலி என்பார்கள். ஓடு என்பது சின்னச் சின்னத் தட்டுகள் சேர்ந்தது, நீங்கள் பார்த்த ஒரு பிறை ஒரு தட்டில் இருப்பது. முதலாவதில் ஒரு தட்டுக்கு 3 ஜோடி துளைதான் இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் 5 அல்லது 6, அதுவும் நீங்கள் எழுதிய மாதிரியே பிறையாக வளைந்து. அதனால் எக்கினஸ் கழிந்துவிட்டது.

அந்தத் துளைகள் எதற்கு என்று தெரிந்தால் எண்ணுவதற்கு இன்னும் ஆசை வரும். உயிரோடு இருக்கும்போது ஒவ்வொரு ஜோடித் துளை வழியாகவும் ஒரு குழாய்க்கால் வெளியே நீளும். நுனியில் உறிஞ்சும் வட்டு. உள்ளே தண்ணீர் அழுத்தத்தால் நீளும், சுருங்கும். அந்தக் கால்களால்தான் அது பாறையில் ஒட்டும், நகரும், சாப்பாட்டைப் பிடிக்கும், மூச்சும் விடும். உங்கள் கையில் இருக்கும் ஓட்டில் வெளிச்சம் வரும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு கால் இருந்த இடம். ஒரு பட்டையை மட்டும் மேலிருந்து கீழ்வரை எண்ணி ஐந்தால் பெருக்குங்கள், எத்தனை கால்களோடு அது நடந்தது என்று தெரியும்.

ஆனால் இன்னும் ஒரு படி பாக்கி. அதே கடலில் வெளிர் முள்ளெலி என்று ஓர் உறவுக்காரர் உண்டு, ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் பாலிடஸ், 1872இல் ஜி. ஓ. சார்ஸ் என்ற நார்வேக்காரர் பெயர் வைத்தது. துளைக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உயிரோடு பார்த்தால் வெளிர் முள்ளெலியின் குழாய்க்கால்கள் வெள்ளையாக இருக்கும், பச்சை முள்ளெலியுடையது கருத்த நிறம். காய்ந்த ஓட்டில் கால் ஏது? அப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எடுத்த இடம். வெளிர் முள்ளெலி பெரும்பாலும் ஆழத்தில் வாழ்வது, கடல் வடிந்தால் தெரிகிற பாறை இடுக்கில் பச்சை முள்ளெலிதான் இருக்கும். அதனால்தான் எங்கே, எந்த ஆழத்தில் எடுத்தது என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். இன்னொன்று, பெடிசெல்லேரியா. முட்களுக்கு நடுவே காம்பு வைத்த குட்டிக் குறடுகள் மாதிரி இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு மூன்று தாடை. மேலே உட்கார வரும் லார்வாக்களையும் தூசியையும் கவ்வி எறியும், ஒரு வகையில் விஷமும் உண்டு. அந்தத் தாடைகளின் வடிவம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். ஆய்வுக்கூடத்தில் ப்ளீச்சிங் திரவத்தில் தசையைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் சுண்ணாம்புத் தாடையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் கடைசித் தீர்ப்பு எழுதுவார்கள்.

உங்கள் ஓட்டில் முள்ளும் இல்லை, பெடிசெல்லேரியாவும் இல்லை. துளை, வட்டமும் உயரமும், எடுத்த இடம் இந்த மூன்றையும் சேர்த்தால் பச்சை முள்ளெலி என்று எழுதலாம். பக்கத்திலேயே "முள் உதிர்ந்த ஓட்டை வைத்துக் கண்டது" என்றும் எழுதிவையுங்கள். எதைப் பார்த்து முடிவுக்கு வந்தோம் என்று சொல்லாத பெயர் பாதிப் பெயர்தான்.

காவேரிப்பட்டணம், மா விவசாயி: பச்சை முள்ளெலி என்று பெயரே இருக்கிறதே, பச்சையாக இருந்தால் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? எதற்கு டார்ச், துளை எல்லாம்?

ஐயா, இந்தக் கேள்விக்கு என்னைவிட நீங்கள் நன்றாகப் பதில் சொல்வீர்கள். மண்டியில் ஒரு கூடை மஞ்சள் மாம்பழத்தைக் காட்டி, மஞ்சளாக இருக்கிறது, எல்லாம் பங்கனபள்ளிதான் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? பெங்களூரா என்றால் மூக்கைப் பார்ப்பீர்கள். செந்தூரா என்றால் காம்புப் பக்கத்துச் சிவப்போடு நிற்காமல் தோளையும் பார்ப்பீர்கள். கல் போட்டுப் பழுக்கவைத்தால் எந்தக் காயும் மஞ்சள் ஆகும், ஆனால் மூக்கு மாறாது.

முள்ளெலியும் அப்படித்தான். பச்சை முள்ளெலி என்று பெயர் வைத்திருந்தாலும் ஒன்று பச்சையாக இருக்கும், ஒன்று பழுப்பு, ஒன்று ஊதா கலந்த சிவப்பு. இறந்து வெயிலில் கிடந்தால் எல்லாமே வெளுத்துப்போகும். துளைகளின் அடுக்கு அப்படி மாறுவதில்லை.

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கவேண்டும். பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா எல்லாம் ரகங்கள். ரகம் எத்தனை இருந்தாலும் சிற்றினம் ஒன்றுதான், மாஞ்சிஃபெரா இண்டிகா. பச்சை முள்ளெலியும் வெளிர் முள்ளெலியும் ரகங்கள் அல்ல, தனித்தனிச் சிற்றினங்கள். பார்வைக்கு ஒட்டுமாவைவிட நெருக்கமாக இருப்பவை தனிச் சிற்றினமாக இருக்கலாம், மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிபவை ஒரே சிற்றினமாக இருக்கலாம். வகைப்பாட்டில் என்னை இன்றுவரை விடாமல் பிடித்துவைத்திருப்பது இதுதான்.

அரூர், பள்ளி ஆசிரியை: இவ்வளவு நீளமான, வாயில் நுழையாத பெயர் எதற்கு? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆள் பெயரும் வருடமும் போடுகிறார்களே, அது என்ன?

டீச்சர், உடைத்துப் பார்த்தால் நுழைந்துவிடும். ஸ்ட்ராங்கைலோஸ் என்றால் கிரேக்கத்தில் உருண்டையானது, கென்ட்ரான் என்றால் முள் அல்லது குத்துகோல். ட்ரோபாக் என்பது நார்வேயில் ஆஸ்லோ வளைகுடாக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். "யென்சிஸ்" என்ற லத்தீன் ஒட்டு "அந்த ஊரைச் சேர்ந்தது" என்று பொருள் தரும். நம் ஊரில் ஒரு பூச்சியைப் புதிதாகக் கண்டுபிடித்து தர்மபுரியென்சிஸ் என்று வைத்தால் எப்படியோ, அதே கணக்கு.

அடைப்புக்குறிக்கு வருவோம். 1776இல் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் என்ற டென்மார்க்காரர் இந்த முள்ளெலியை எக்கினஸ் ட்ரோபாக்கியென்சிஸ் என்று பதிவு செய்தார். அந்தக் காலத்தில் முள்ளெலி என்றாலே பேரினம் எக்கினஸ்தான், 1758இல் லின்னேயஸ் போட்டுவைத்த பெரிய மூட்டை அது. எக்கினஸ் என்ற சொல்லுக்கும் முள்ளெலி என்றே பொருள், தரையில் ஓடுவதற்கும் கடலில் கிடப்பதற்கும் கிரேக்கர்கள் ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். தமிழில் நாமும் அதையே செய்திருக்கிறோம். 1835இல் பிராண்ட் என்பவர் ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் என்று தனிப் பேரினம் பிரித்தார், முல்லரின் சிற்றினம் பிறகு அதற்குள் போனது. முதலில் பெயர் வைத்தவர் போட்ட பேரினம் பின்னால் மாறிவிட்டால், அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்பது விதி. மாறவில்லை என்றால் அடைப்புக்குறி கிடையாது. அதனால்தான் பச்சை முள்ளெலிக்குப் பின்னால் (ஓ. எஃப். முல்லர், 1776) என்று வருகிறது. வீட்டை மாற்றினாலும் பெற்றவர் பெயர் அழியாது என்று வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாலக்கோட்டு மாணவிக்கு எழுதிய பெடிசெல்லேரியா இருக்கிறதே, அதற்கு அந்தப் பெயரை வைத்தவரும் இதே முல்லர்தான். ஆனால் அது முள்ளெலியின் உறுப்பு என்று அவர் நினைக்கவில்லை, முள்ளெலிமேல் ஒட்டி வாழும் வேறு ஓர் உயிர் என்று நினைத்து, அதற்குத் தனியாகப் பேரினப் பெயரே கொடுத்துவிட்டார். லென்ஸ் வழியாக அவற்றை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மூளை இருப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடும்.

தேன்கனிக்கோட்டை, பிளஸ் டூ மாணவர்: எங்கள் ஊரில் மார்கழிக் குளிரையே தாங்கமுடியவில்லை. ஐஸ் மிதக்கும் கடலில் அது எப்படி உறையாமல் இருக்கிறது? என்ன சாப்பிடுகிறது?

தம்பி, நமக்குச் சூடான ரத்தம், அதைக் காப்பாற்றத்தான் நாம் கம்பளி தேடுகிறோம். முள்ளெலிக்கு அந்தக் கவலையே இல்லை. கடல் எந்த வெப்பநிலையோ அதன் உடம்பும் அதே வெப்பநிலை. அதன் உடலுக்குள் இருக்கும் திரவத்தில் உப்பின் அளவும் கடல்நீரில் இருப்பதுதான். கடல்நீர் பூச்சியத்தில் உறையாது, மைனஸ் 1.9 டிகிரி அருகில்தான் உறையும். கடல் உறையாதவரை முள்ளெலியும் உறையாது. நம் வங்கக் கடலில் மேல்மட்டத் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருப்பது. பச்சை முள்ளெலியை அங்கே விட்டால் குளிரால் சாகாத உயிர் சூட்டால் செத்துப்போகும். ஆர்க்டிக்கைச் சுற்றி அட்லாண்டிக்கின் வடக்கு, பசிபிக்கின் வடக்கு என்று வளையமாகப் பரவி இருந்தும் தெற்கே இறங்காததற்குக் காரணம் இதுதான்.

சாப்பாடு முக்கியமாக கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசி. வாய் அடிப்பக்கம் இருக்கிறது, உள்ளே ஐந்து பல். பல்லைத் தாங்கும் எலும்புக்கூடு மாதிரியான அமைப்பில் 40 துண்டுகள். அரிஸ்டாட்டில் தன் விலங்கு நூலில் அதை ஒரு விளக்குக் கூண்டோடு ஒப்பிட்டதால் இன்றும் அதற்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே பெயர். பல் தேயத் தேயப் பின்னாலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், தேயும்போதே கூராகவும் ஆகும். நம் வீட்டு அரிவாள்மணைக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

சாப்பிட்டால் என்ன என்று விடமுடியாது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கடல் நீர்நாய் இருக்கும் இடங்களில் கெல்ப் காடு அடர்ந்து நிற்கிறது, நீர்நாய் இல்லாத தீவுகளில் கடலடி பொட்டல்காடாகக் கிடக்கிறது என்று எஸ்டஸ், பால்மிசானோ என்ற இருவர் 1974இல் எழுதினார்கள். தோல் வியாபாரத்துக்காக நீர்நாய்களைக் கொன்று தீர்த்தார்கள், 1911இல்தான் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தினார்கள். நீர்நாய்க்கு உடம்பில் கொழுப்புப் போர்வை கிடையாது, குளிரைத் தாங்க ஒரு நாளைக்குத் தன் எடையில் கால் பங்கு அளவுக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும், அதில் முள்ளெலிக்குப் பெரிய பங்கு. அது போனதும் முள்ளெலி பெருகியது, கெல்ப் போனது, கெல்ப்பில் ஒளிந்து வாழ்ந்த மீன்களும் போயின. நார்வேக் கரையிலும் 1970களிலிருந்து இதே பச்சை முள்ளெலி கெல்ப் காடுகளைப் பெரும் பரப்பில் மேய்ந்து தரையாக்கியது. முள்ளெலிமேல் கோபப்படாதே தம்பி, அது தன் வயிற்றைத்தான் பார்த்தது.

பர்கூர், கிரானைட் குவாரித் தொழிலாளி: கல் அறுக்கும்போது வட்டமான புள்ளிகள் வருகின்றன. சிலது ஐந்து மூலை மாதிரியும் தெரிகிறது. முள்ளெலியாக இருக்குமா? படம் வைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன் அண்ணா. கனிமங்கள் சேர்ந்து உருவான புள்ளிகள்தான் அவை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழையது, பூமிக்குள் வெந்து உருகி உருவானது. முள்ளெலிக் கூட்டமே உலகத்தில் தோன்றி 45 கோடி ஆண்டுதான் ஆகிறது. நீங்கள் அறுக்கும் கல்லுக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

கல்லான முள்ளெலியை உண்மையிலேயே கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றால் அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். டைனோசர் காலத்தின் கடைசியில் அங்கே கடல் இருந்தது, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அந்தக் கடல் முள்ளெலிகள் கல்லாகக் கிடைத்திருக்கின்றன. ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் 1873லேயே அவற்றை விவரித்து அச்சில் கொண்டுவந்துவிட்டார். அவர் எழுதியதும் இதே துளை, தட்டு, குமிழ்க் கணக்குதான். உயிர் போய்ப் பல கோடி ஆண்டான பிறகும் துளைகள் வரிசை மாறாமல் நிற்பதைப் பார்த்தால், நிறத்தை ஏன் நம்பவேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும்.

தர்மபுரி, பி.எஸ்சி. விலங்கியல் மாணவர்: ரெக்கார்டில் ஒரு முள்ளெலியை விவரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நெட்டிலிருந்து எடுத்தால் எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படி எழுதுவது?

எல்லாருடையதும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், யாரும் கையில் இருப்பதைப் பார்க்கவில்லை. உங்கள் டிபார்ட்மென்டில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒன்று இருக்கும், சாரிடம் கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு வெளியே எடுங்கள்.

நான் பரங்கிப்பேட்டையில் படித்தபோது முதலில் கையில் கொடுத்தது டெம்னோப்ளூரஸ் என்ற முள்ளெலி, நம் கடற்கரையில் மணல்பாங்கான இடத்தில் வலையில் வருவது. ஊசியால் ஒவ்வொரு முள்ளாகத் தள்ளிவிட்டுத் தட்டுகளைப் பார்த்தபோது, தட்டும் தட்டும் சேரும் இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. கேழ்வரகைக் களிமண்ணில் அழுத்தி எடுத்த மாதிரி. அந்தக் குழிதான் அதன் குடும்ப அடையாளம் என்று பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். முதலில் கண், அப்புறம் புத்தகம் என்ற அந்த வரிசையை நான் மாற்றிக்கொள்ளவே இல்லை.

மேலிருந்து தொடங்குங்கள். உச்சியில் மலவாயைச் சுற்றி ஐந்து பெரிய தட்டுகள், ஒவ்வொன்றிலும் முட்டையோ விந்தோ வெளியே வரும் ஒரு துளை. ஐந்தில் ஒன்று மட்டும் பெரிதாக, சல்லடை மாதிரி இருக்கும், குழாய்க்கால் மண்டலத்துக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான். அங்கிருந்து கீழே இறங்குங்கள். ஓடு முழுக்க 20 வரிசைத் தட்டுகள், துளையுள்ளது இரண்டு வரிசை, துளையில்லாதது இரண்டு வரிசை என்று மாறி மாறி. தட்டின் நடுவே இருக்கும் குமிழை லென்ஸில் பாருங்கள், முள்ளின் அடி அதன்மேல் பந்துக்கிண்ண மூட்டாக உட்காரும். குமிழின் உச்சியில் ஓட்டை இருக்கிறதா, மொழுமொழுவென்று இருக்கிறதா என்று எழுதுங்கள், வகைப்பாட்டில் வரிசை (ஆர்டர்) எது என்று பிரிக்க அது உதவும். அடியில் வாயைச் சுற்றி 10 வெட்டுகள் இருக்கும், எவ்வளவு ஆழம் என்று குறியுங்கள். அளவெல்லாம் வெர்னியரில்.

பச்சை முள்ளெலியை எழுதுவதாக இருந்தால் இப்படி வரும்: "ஓடு வட்டம், மேலும் கீழும் சற்றுத் தட்டை. உயரம் குறுக்களவில் பாதி. முட்கள் குட்டை, நெருக்கம். குமிழ்களில் துளை இல்லை. துளை ஜோடிகள் பிறையாக, பிறைக்கு 5 அல்லது 6. வாய் வெட்டுகள் ஆழமில்லை. நிறம் பச்சை முதல் பழுப்பு வரை." நிறத்தைக் கடைசியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கு மேலே வகைப்பாடு: தொகுதி முட்தோலிகள், வகுப்பு எக்கினாய்டியா, வரிசை காமரோடோன்டா, குடும்பம் ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டிடே. நான்கு வரிதான், ஆனால் அந்த நான்கு வரியை எழுதும் உரிமை கீழே இருக்கும் அளவுகளை எடுத்தவருக்கே உண்டு.

பென்னாகரம், ஆறாம் வகுப்பு மாணவி: முள்ளெலிக்குக் கண் இருக்கிறதா? எத்தனை வயது வாழும்?

கண் இல்லை கண்ணு. ஆனால் வெளிச்சம் தெரியும். தோலும் குழாய்க்கால்களும் ஒளியை உணரும், நிழல் பட்டால் முட்களைத் திருப்பும். வயது சிற்றினத்துக்கு ஏற்ப மாறும். அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் சிவப்பு முள்ளெலி 100 வருடத்தைத் தாண்டும், சில 200ஐத் தொடும் என்று 2003இல் கணக்கிட்டார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கலந்த கார்பன் அதன் உடலின் சுண்ணாம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தது அது. உன் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்னால் பிறந்த ஒன்று இப்போதும் எங்கேயோ பாசியைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

ஓசூர், வாசகர்: மாணவி அந்த ஓட்டை எப்படிப் பாதுகாக்கவேண்டும்?

நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து உப்பைப் போக்கி, நிழலில் காயவைக்கவேண்டும். அப்புறம் பஞ்சு வைத்த டப்பா. வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது, ஓடு சுண்ணாம்பு, நுரைத்துக் கரைந்துவிடும். டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் இடம், நாள், ஆழம், எடுத்தவர் பெயர் நான்கையும் பென்சிலால் எழுதிப் போடவேண்டும். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும்.

பாலக்கோட்டு மாணவிக்கு ஒரு வார்த்தை: எடுத்த நாளை மாமாவிடம் கேட்டு இன்றைக்கே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அவருக்கு மறந்துபோயிருக்கும்.